கசப்பு நீரும் ஆகாயச் சட்டமும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை மரக்காணத்தை அடையும் இடத்தில், வெள்ளைவெளேரென்று விரிந்து கிடக்கும் உப்புப் பாத்திகளைப் பங்குனி, சித்திரை மாதத்துப் பிற்பகலில் நின்று பார்த்தவர்கள், கடற்காற்று வீசத் தொடங்கிய சிறிது நேரத்துக்கெல்லாம் தம் உதடு கரிப்பதை உணர்ந்திருப்பார்கள். சங்க காலத்து எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலர் கருதும் இவ்வூரில், கழியின் உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காயவைத்து உப்பெடுக்கும் தொழில் இன்றும் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. உதட்டில் படியும் அந்த உப்பின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பங்கு குளோரின். இந்தச் சாதாரண உண்மையே, உலகின் சட்டமன்றங்களிலும் நியாயஸ்தலங்களிலும் ஓசோன் படலத்தைக் குறித்து எழுந்த பெரிய விவகாரங்களுள் ஒன்றில், எதிர்த் தரப்பாரின் பிரதான ஆயுதமாக விளங்கியது என்று சொன்னால் மரக்காணத்து மக்கள் வியப்படையக்கூடும்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிலர் வைத்த வாதம் இது: ஆண்டுதோறும் கடல்களிலிருந்து கோடிக்கணக்கான டன் குளோரின் உப்புத் துளிகளாகக் காற்றில் எழுகிறது; எரிமலைகளும் தம் பங்குக்குக் கக்குகின்றன; இவற்றோடு ஒப்பிட்டால் குளிர்பதனப் பெட்டிகளிலிருந்து கசியும் குளோரோபுளோரோகார்பன் சமுத்திரத்தில் ஒரு துளி; ஆகவே அதைத் தடுக்கச் சட்டம் இயற்றுவது வீண் சிரமம். இந்த எதிர்ப்பு மேலோங்கி நின்ற 1995-இல், குளோரோபுளோரோகார்பன்மீதான தடையையே ரத்து செய்யக் கோரும் மசோதா ஒன்று அமெரிக்கக் காங்கிரஸில் கொண்டுவரப்பட்டது. வாதத்துக்கு விடை அளிக்க விஞ்ஞானக் கூடத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை. ஐப்பசியில் மழை இறங்குமுன் உப்புக் குவியல்களின்மேல் கீற்றுப் போர்த்தும் தொழிலாளி அந்த விடையை அறிவார். உப்பு நீரில் கரையும். கடலிலிருந்து எழுந்த உப்பு சில நாட்களிலேயே மழையோடு மண்ணுக்கும் கடலுக்கும் திரும்பிவிடுகிறது. குளோரோபுளோரோகார்பனோ நீரில் கரைவதில்லை. எதனோடும் எளிதில் கூடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மேலேறி, ஓசோன் படலத்தின் உயரத்தை அடைந்து, அங்கே சூரியனின் புற ஊதாக் கிரணங்களால் உடைபட்டுத் தன் குளோரினை விடுவிக்கிறது. விடுபட்ட ஓர் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழித்துவிட்டே ஓய்கிறது. இதனை 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதினார்கள். 1985-இல் ஜோசப் ஃபார்மனும் அவருடைய இரு சகாக்களும் அண்டார்க்டிக்கா வானில் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை வெளியிட்டார்கள். பின்னர் செயற்கைக்கோள்கள் அந்த உயரத்தில் குளோரினோடு புளோரின் சேர்மமும் இருப்பதை அளந்து காட்டியபோது, குற்றவாளி எங்கிருந்து வந்தவன் என்ற கேள்விக்கு மறுக்க முடியாத பிரமாணம் கிடைத்துவிட்டது. ஏனெனில் உப்புக்காற்று அத்தனை புளோரினை ஆகாயத்துக்குக் கொண்டுபோவதில்லை.

ஆயினும் உப்புக்கும் இந்த விவகாரத்துக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உப்பைக் கரைத்து அந்த நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒருபுறம் காஸ்டிக் சோடாவும் மறுபுறம் குளோரினும் பிரிகின்றன. அந்தக் குளோரினை மீத்தேனோடு சேர்த்தால் கார்பன் டெட்ராகுளோரைடு. அதிலிருந்து குளிர்பதன வாயு. இந்தியாவில் குளோரோபுளோரோகார்பன் உற்பத்தி செய்த நான்கு நிறுவனங்களுள் ஒன்றான கெம்பிளாஸ்ட் சன்மார் நம் மேட்டூரில் இருந்தது. கடற்கரையில் விளைந்த உப்பு, கரைந்து மழையாகத் திரும்பும் தன் சுபாவத்தை இழந்து, கரையாத ஒரு வடிவெடுத்து ஆகாயம் ஏறிய வழி இதுதான். தீமை குளோரினில் இல்லை. மனிதன் அதற்கு அளித்த நெடுவாழ்வில் இருக்கிறது.

சட்டத்தின் வரலாறு, சந்தேகம் முற்றும் தீருமுன் துணிந்து எடுத்த ஒரு முடிவிலிருந்து ஆரம்பமாகிறது. 1985 மார்ச் 22 அன்று வியன்னாவில் தேசங்கள் கூடி ஓசோன் படலத்தைக் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, அண்டார்க்டிக்காவின் செய்தி இன்னும் அச்சாகி வெளிவரவில்லை. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரீல் உடன்படிக்கை பிறந்தபோதும், அண்டார்க்டிக்காவில் நேர்ந்த அழிவுக்குக் காரணம் எதுவென்று விஞ்ஞானிகள் அனைவரும் ஒரே குரலில் சொல்லிவிடவில்லை. தீங்கு நிச்சயமாகும்வரை காத்திருந்தால் பரிகாரத்துக்குக் காலம் இராது என்ற விவேகமே அங்கே சட்டமாயிற்று. அதே தத்துவத்தை நம் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சாலைகளைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், இந்த நாட்டுச் சட்டத்தின் அங்கம் என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று, காந்தியவாதியான எஸ். ஜகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில், விளைநிலங்களோடு உப்பள நிலங்களையும் இறால் குட்டைகளாக மாற்றலாகாது என்று தீர்ப்பளித்தது. வடக்கே பாலாற்றையும் தெற்கே தஞ்சைக் கடற்கரையையும் பற்றிய இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே மரக்காணம் கிடப்பது பூகோளத்தின் தற்செயல்தான். ஆனாலும் சர்வதேச மண்டபங்களில் பேசப்பட்ட தத்துவம் நம் சேற்று நிலம்வரை வந்து சேர்ந்த வழியை அது நினைவூட்டுகிறது.

மாண்ட்ரீலில் இயற்றப்பட்ட மூலப்பிரதியை இந்தியா ஏற்கவில்லை. ஏற்காமைக்கு நியாயம் இருந்தது. ஆகாயத்தில் சேர்ந்திருந்த குளோரினில் மிகப் பெரும் பங்கு செல்வ நாடுகளுடையது. மாற்றுப் பொருள்களின் காப்புரிமையும் அந்நாட்டு நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. குற்றம் செய்தவன் மருந்தையும் விற்று லாபம் பெறுவான், குற்றத்தில் பங்கில்லாதவன் விலை கொடுத்து வாங்குவான் என்ற ஏற்பாட்டை எந்தச் சுயமரியாதையுள்ள தேசமும் உடனே ஒப்புக்கொள்ளாது. 1990-இல் லண்டனில் கூடிய மாநாட்டில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தியின் தலைமையில் சென்ற இந்தியப் பிரதிநிதிகள் இந்த நியாயத்தையே எடுத்துரைத்தார்கள். பலன் கிட்டியது. பலதரப்பு நிதி ஒன்று அங்கே தோன்றியது. முதல் மூன்றாண்டுகளுக்கு 16 கோடி டாலர் என்றும், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி டாலர் என்றும் அதன் அளவு நிர்ணயிக்கப்பட்டது. அதைக் காட்டிலும் முக்கியமானது ஐந்தாம் ஷரத்தில் சேர்க்கப்பட்ட ஒரு வாசகம்: வளரும் நாடுகள் தம் கடமையை நிறைவேற்றும் திறன், நிதி உதவியும் தொழில்நுட்பமும் உண்மையாகவே வந்து சேர்வதைப் பொறுத்தது என்று அது ஒப்புக்கொள்கிறது. தானமாக அன்றி உடன்படிக்கையின் உறுப்பாகவே பண உதவி எழுதப்பட்டமையால்தான் இச்சட்டம் பிழைத்தது என்பது என் திடமான அபிப்பிராயம். பின்னாளில் வெப்பமயமாதலைப் பற்றி நடந்த மாநாடுகள் பல தடுமாறியதற்கு, அங்கே இத்தகைய பிணைப்பு இறுகாமற் போனது ஒரு முக்கியமான காரணம்.

1992 ஜூன் 19 அன்று இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. 1999-இல் நம் நான்கு உற்பத்தியாளர்களுக்கும் படிப்படியாகத் தொழிலை நிறுத்துவதற்கென 8 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. 2000 ஜூலையில், 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ஓசோனைச் சிதைக்கும் பொருள்களை ஒழுங்குபடுத்தும் விதிகள் பிறந்தன. பதிவு செய்யாமல் உற்பத்தி செய்வதும், உடன்படிக்கையில் சேராத நாட்டோடு வாணிகம் செய்வதும், அனுமதியின்றி இறக்குமதி செய்வதும் அவற்றின்படி குற்றம். 2010 ஜனவரி முதல் தேதிவரை அவகாசம் இருந்தும், ஆஸ்துமா நோயாளிகளின் உறிஞ்சு மருந்துக்கு வேண்டியது நீங்கலாக, 2008 ஆகஸ்ட் முதல் தேதியோடு இந்தியா குளோரோபுளோரோகார்பன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. பதினேழு மாதம் முந்தி நிறைவேற்றப்பட்ட ஒரு சர்வதேசக் கடமை! இதை நம் பாடப்புத்தகங்கள் பெருமையோடு சொல்ல வேண்டாமா?

பிற தேசத்து நியாயஸ்தலங்களில் நடந்த வாதங்கள் வேறு திசையில் சென்றன. 1984-இல் அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் கவுன்சில், சட்டம் விதித்த கடமையைச் செய்யவில்லை என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின்மீதே வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கின் நெருக்குதல் அந்தச் சர்க்காரை மாண்ட்ரீலை நோக்கித் தள்ளிய காரணங்களுள் ஒன்று. 1998 ஜூலை 14 அன்று லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் விசாரித்து முடித்த வழக்கிலோ வாதி சேஃப்டி ஹைடெக் என்ற வாணிக நிறுவனம். தீயணைப்புக்கு ஹைட்ரோகுளோரோபுளோரோகார்பனைத் தடுத்துவிட்டு, அதைவிடக் கொடிய ஹாலோனை விட்டுவைத்தது பாரபட்சம் என்பது அதன் முறையீடு. மேலோட்டமாகப் பார்த்தால் அந்த முறையீட்டில் நியாயம் இருப்பதாகவே தோன்றும். ஆனால் உயர்ந்த பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் தடுத்தாக வேண்டும் என்று பொருளில்லை. ஓரிடத்தில் தொடங்கியது குற்றமாகாது என்று நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. சரியான தீர்ப்பென்றே கருதுகிறேன். எல்லாத் தீமையையும் ஒருசேரத் தடுக்காத சட்டம் எதையுமே தடுக்கலாகாது என்றால், உலகில் ஒரு சட்டமும் நில்லாது.

இவற்றையெல்லாம்விட ஆழமான கேள்வியை எழுப்பியது மெதில் புரோமைடு வழக்கு. அதற்குப் போகுமுன் மீண்டும் பாத்திக்கே வருவோம். கடல்நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி ஏறி, அடர்த்திமானியில் 25 டிகிரியைக் கடக்கும்போது உப்பு படிகிறது; 29, 30 டிகிரியை நெருங்கும்போது, உப்பை வாரிக்கொண்டு எஞ்சிய நீரை வெளியே விட்டுவிட வேண்டும்; விடாவிட்டால் உப்பே கசந்துபோகும். அந்தக் கசப்பு நீரில், கடலில் லிட்டருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் வீதம் கரைந்திருந்த புரோமைடு பல மடங்கு செறிந்து கிடக்கிறது. தொழில்முறையில் புரோமினைப் பிரித்தெடுப்பது குஜராத்தின் கட்ச் பகுதியில் பெரிதாக நடக்கிறது. அது மருந்துக்கும் சாயத்துக்கும் பயன்படும் அரிய பொருள். அணுவுக்கு அணு ஒப்பிட்டால், ஓசோனை அழிப்பதில் குளோரினைக் காட்டிலும் சுமார் அறுபது மடங்கு வல்லது. தீயணைப்பு ஹாலோனும், மண்ணையும் தானியத்தையும் பூச்சியற்றதாக்கும் மெதில் புரோமைடும் அதன் பிள்ளைகள். மெதில் புரோமைடைக் கடலும் உவர்ச் சதுப்புகளும்கூடத் தாமாகவே வெளியிடுகின்றன. அதைக் காட்டி, மனிதன் விடுவதை மட்டும் தடுப்பதேன் என்ற பழைய வாதம் புதிய வேஷத்தில் வந்தது. இயற்கை விடுவதையும் உள்ளிழுப்பதையும் ஒரு சமநிலையில் வைத்திருந்தது. அந்தச் சமநிலைக்கு மேல் சுமத்தப்பட்டதே மனிதனின் பங்கு என்பது அதற்கு விடை.

1992-இல் கோபன்ஹேகனில் இப்பொருள் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியது. செல்வ நாடுகள் 2005-இலும் மற்றவை 2015-இலும் நிறுத்த வேண்டும் என்று பிறகு முடிவாயிற்று. மாற்று வழியே இல்லாத இன்றியமையாத பயன்களுக்கு மட்டும் தேசங்களின் கூட்டம் கூடி விலக்கு அளிக்கலாம். கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரித் தோட்டங்களுக்கும் ஃபுளோரிடாவின் தக்காளி வயல்களுக்கும் இந்த விலக்கைக் கேட்டு, தன் பழைய உபயோகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் 2005-ஆம் ஆண்டுக்கு அனுமதி பெற்றது அமெரிக்கா. கையிருப்பைத் தீர்த்துவிட்டே புதிதாக உற்பத்தி செய்ய வேண்டும் என்று தேசங்களின் தீர்மானம் சொல்ல, சுற்றுச்சூழல் முகமையின் விதி அதைக் கறாராகப் பின்பற்றவில்லை என்று அதே இயற்கை வளப் பாதுகாப்புக் கவுன்சில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2006 ஆகஸ்ட் 29-ஆம் தேதித் தீர்ப்பு அதன் முறையீட்டை ஏற்கவில்லை. உடன்படிக்கை சட்டமாக இருக்கலாம். ஆனால் உடன்பட்ட தேசங்கள் பிற்பாடு கூடி எடுக்கும் தீர்மானங்கள் உள்நாட்டு நீதிமன்றம் நிறைவேற்றத்தக்க சட்டமல்ல, அரசியல் வாக்குறுதிகளே என்பது அதன் சாரம். தம் சட்டமன்றத்துக்கு மேலாக வெளியார் கூட்டம் ஒன்று சட்டம் இயற்றலாகாது என்ற கவலையை நாம் புரிந்துகொள்ளலாம். எனினும் மாண்ட்ரீல் உடன்படிக்கையின் ஜீவன் அந்த வருடாந்தரத் தீர்மானங்களில்தான் இருக்கிறது. விஞ்ஞானம் வளர வளர விதியும் வளர வேண்டும் என்றே அது அவ்வாறு அமைக்கப்பட்டது. வேலூர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், உள்நாட்டுச் சட்டத்துக்கு முரண்படாத சர்வதேச வழக்காறு நம் சட்டத்தில் கலந்ததாகவே கொள்ளப்படும் என்று சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரு நாட்டு நியாயாதிபதிகளும் உலகத்தை நோக்கி நின்ற திசைகள் எவ்வளவு வேறு என்பது விளங்கும்.

இவ்விடத்தில் நம் பக்கத்துக் குறையையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். தாவரப் பிணிகளும் பூச்சிகளும் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போகாமல் தடுப்பதற்காக மெதில் புரோமைடைப் பயன்படுத்தினால், அந்த அளவு கணக்கிலேயே சேராது என்று உடன்படிக்கை கூறுகிறது. அவ்விலக்குக்கு அளவுமில்லை, முடிவுத் தேதியுமில்லை. 2000-இல் ஓசோன் விதிகளை இயற்றிய அதே இந்திய அரசாங்கம், 1914-ஆம் ஆண்டின் பழைய பூச்சித் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2003-இல் பிறப்பித்த தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையில், வெளிநாட்டுப் பட்டாணி, பருப்பு வகைகளை ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே மெதில் புரோமைடு புகையிட்டு அனுப்ப வேண்டும் என்று விதித்தது. ஓர் அமைச்சகம் ஒழிக்க முயலும் பொருளை மற்றோர் அமைச்சகம் வேண்டும் என்று கேட்டது! கனடா ஆட்சேபித்தது. அந்த வாயு சுமார் 4 பாகை வெப்பத்துக்குக் கீழே திரவமாகிவிடும். பனி உறைந்த துறைமுகத்தில் அது தானியத்துக்குள் புகுந்து வேலை செய்யாது. மேலும் ஓசோனுக்காகத் தாம் கைவிட்டு வரும் பொருளை இந்தியா கட்டாயப்படுத்துவது முறையா என்று அவர்கள் கேட்டார்கள். 2004 முதல் ஆறு மாதம், ஆறு மாதமாக விலக்கு நீட்டிக்கப்பட்டு வந்தது. 2017-இல் இனி நீட்டிப்பதில்லை என்ற பேச்சு எழுந்தபோது பருப்பு வாணிகமே கலங்கியது. புகையிடாமல் வந்த சரக்குக்கு இங்கே புகையிட்டு, சோதனைக் கட்டணத்தை ஐந்து மடங்காக வாங்கும் ஏற்பாடும் இருந்தது. சட்டம் ஒன்று தானே விதித்த நிபந்தனையைத் தானே அரையாண்டுக்கு ஒருமுறை தளர்த்திக்கொண்டிருக்குமானால், அந்த நிபந்தனையில் ஏதோ பிழை இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஓசோனின் கதையில் தமிழகத்துக்கு உரிய மற்றொரு பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1965-இல் வெளிவந்த வீரபத்ரன் ராமநாதன், செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வாயுக் கசிவைத் தடுக்கும் வேலையில் சேர்ந்தார். பிற்பாடு அமெரிக்கா சென்ற அவர், குளோரோபுளோரோகார்பனின் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மூலக்கூறுகளுக்கு இணையாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று 1975-இல் எழுதினார். ஓசோனுக்குத் தீங்கு செய்யாத மாற்று வாயுக்கள் என்று புகுத்தப்பட்ட ஹைட்ரோபுளோரோகார்பன்களும் அந்த வெப்பக் குற்றத்திலிருந்து விடுபடவில்லை. 2016 அக்டோபரில் கிகாலியில் தேசங்கள் அவற்றையும் உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தன; 2021 செப்டம்பரில் இந்தியா அதை ஏற்றது. இடையே 2017 ஆகஸ்ட் 8 அன்று மெக்ஸிகெம் என்ற நிறுவனத்தின் வழக்கில், ஓசோனைக் கெடுக்கும் பொருளை ஒருமுறை மாற்றிவிட்டவனை மறுபடியும் மாற்று என்று பழைய சட்டத்தால் சொல்ல முடியாது என்று வாஷிங்டன் நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ‘மாற்றுதல்’ என்ற ஒரு வினைச்சொல்லின் பொருளில் அவ்வளவு பெரிய விவகாரம் நின்றது. 2020 டிசம்பரில் அந்நாட்டுச் சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றியே அந்த முடிச்சை அவிழ்க்க நேர்ந்தது.

மெதில் புரோமைடின் முடிச்சு இன்னும் அவிழவில்லை. 2017-இல் உலக வர்த்தக நிறுவனத்தின் சுகாதார, தாவர நலக் குழுவில் செனகல் தேசம், தன் முந்திரிக்கொட்டைகளுக்கு இந்தியா மெதில் புரோமைடு புகையைக் கேட்பதை எதிர்த்துப் பேசியது. செல்வந்தர்களின் நிபந்தனையை எதிர்த்து 1990-இல் லண்டனில் வழக்காடிய இந்தியாவை நோக்கி, அதைவிட எளிய தேசம் ஒன்று அதே தொனியில் முறையிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டைகள் மரக்காணத்துக்குத் தெற்கே சில மணிப் பயணத்தில் இருக்கும் பண்ருட்டி வட்டாரத்திலும் உடைக்கப்படுகின்றன. ஆகவே இது நமக்கு அயலார் வழக்கன்று. உலகெங்கும் மற்றப் பயன்களெல்லாம் ஏறத்தாழ ஒழிந்துவிட்ட பிறகும், தாவரத் தனிமைப்படுத்தலின் பெயரால் ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் மெதில் புரோமைடு செலவாகிறது. சரக்கின்மேல் தார்ப்பாய் போர்த்தி, வாயுவைச் செலுத்தி, இருபத்துநான்கு மணி நேரம் வைத்திருக்கிறார்கள். நேரம் முடிந்ததும் தார்ப்பாயை விலக்கி, எஞ்சியதைக் காற்றில் போக விடுகிறார்கள். அதைப் பிடித்து அழித்தே தீர வேண்டும் என்று மாண்ட்ரீல் உடன்படிக்கையின் எந்த ஷரத்தும் கட்டாயப்படுத்தவில்லை.